வான்கோழி விருந்தைத் தொடாதவர்கள்

போன மாதம் அமெரிக்காவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். முட்டி வலிக்கு எண்ணெய்ச் சிகிச்சை எடுத்துக்கொள்ளக் கோவளத்துக்கு வருகிறாராம். அப்படியே நான் இருக்கும் ஸ்ரீவராகத்துக்கும் வந்து என்னைப் பார்க்க வேண்டுமாம். பழைய படைவீரர் சங்கத்தில் என் எண்ணை வாங்கினாராம். குரல் தளர்ந்திருந்தாலும் ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படையின் மருத்துவமனை முகாம் ஒன்றில் என்னோடு இருந்தவர்.

நான் எப்படி அந்தப் படையில் என்று எல்லோரும் கேட்பார்கள். மேற்படிப்புக்குப் போன இடத்தில் நிரந்தரமாகத் தங்க அனுமதி வாங்கினேன். அந்த அனுமதி உள்ளவனையும் கட்டாயமாகப் படையில் சேர்ப்பார்கள் என்பது, வாங்கிய பிறகுதான் தெரிந்தது. முகாமில் எனக்கு மருந்துக் கிடங்கு. பஞ்சு, ஊசி, ரத்தப் புட்டி எல்லாவற்றையும் எண்ணி வைக்க வேண்டும். அந்த வேலை எனக்குப் பொருந்தியது. எண்ணாமல் இருந்தால் அடிபட்டு ஹெலிகாப்டரில் வந்து இறங்குகிற பையன்களைப் பார்க்க வேண்டியிருக்கும்.

நவம்பரில் அவர்களுக்கு ஒரு பண்டிகை உண்டு. போர்க்களம் என்றாலும் அன்று வான்கோழி விருந்து தவறாது. அந்த வருஷம் விருந்தைத் தொடுவதில்லை என்று முகாமில் பேச்சு எழுந்தது. முழக்கம் கிடையாது, பலகை கிடையாது. போர் வேண்டாம் என்பவன் அன்று சாப்பிட மாட்டான், அவ்வளவுதான். அதைப் படுக்கை படுக்கையாகப் போய்ச் சொன்னவர்தான் இப்போது தொலைபேசியில் கூப்பிட்டவர்.

எழுபத்து நான்கு பேர் சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே மணலில் உட்கார்ந்தோம். நான் இரண்டு தடவை எண்ணினேன். பத்திரிகைக்காரர்கள் வரப்போவதாகத் தகவல் வந்திருந்ததால் முகாம் தலைவருக்கு எண்ணிக்கை குறைய வேண்டியிருந்தது. ஒவ்வொருவராகத் தம் கூடாரத்துக்குள் கூப்பிட்டார். என் முறை வந்தபோது அவர் முகம் மலர்ந்தது.

"நீ இந்து. மாமிசம் சாப்பிட மாட்டாய். உன் விஷயம் வேறு, இல்லையா?"

ஆமாம் என்றால் முடிந்தது. இல்லை என்றால் சிறைக்குப் போக வேண்டியிருக்கலாம். ஊரில் அப்பாவுக்கு யார் பதில் சொல்வது?

"மாமிசம் சாப்பிட மாட்டேன், ஐயா. உருளைக்கிழங்கு தினமும் சாப்பிடுவேன். இன்றைக்கு உருளைக்கிழங்கும் இருக்கிறது. அதையும் நான் தொடவில்லை."

அவர் அப்படியும் மதக் காரணம் என்றே எழுதிக்கொண்டு, போகச் சொல்லிவிட்டார். மற்ற எழுபத்து மூன்று பேருக்கும் சம்பளப் பிடித்தம், சிலருக்குப் பதவிக் குறைப்பு என்று பின்னால் தெரிந்தது. எனக்கு ஒன்றுமில்லை. கூடாரத்தின் பின்வழியாக வெளியே வந்ததுமே என்னை மட்டும் வேறு முகாமுக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. மதத்தைச் சொல்லி நழுவிவிட்டான் என்றுதானே நினைத்திருப்பார்கள்? ஐம்பது வருஷத்துக்கு மேலாக அதுவே எனக்கு உறுத்தல்.

அவர் வருவதற்கு முந்தைய வாரம் முழுவதும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

"என்னத்துக்கு இப்படிப் பயந்து பேடிக்கறேள்? அவர் என்ன, உங்களை அரெஸ்ட் பண்ணவா வரார்?" என்றாள் மனைவி.

"கேட்டால் என்ன சொல்வது?"

"நடந்ததைச் சொல்லுங்கோ. எங்கிட்டே சொல்றாப்பலே நூறு தடவை வேண்டாம், ஒரு தடவை போரும்."

சனிக்கிழமை வந்தார். பழவங்காடி நெரிசலில் ஆட்டோ மாட்டிக்கொண்டதால் நாற்பது நிமிஷம் தாமதம். கைத்தடியோடு இறங்கி என் தோளைப் பிடித்துக்கொண்டார். காப்பியைப் பாதி குடிக்கும்வரை முட்டியைப் பற்றியே பேசினார். எனக்குப் பொறுக்கவில்லை. அன்று கூடாரத்துக்குள் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். உருளைக்கிழங்குக்கு வரும்போதே அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அடப் பாவி, இதை எனக்கா சொல்கிறாய்? அந்தக் கூடாரத்துக்குச் சுவரா இருந்தது? துணிதானே. உனக்குப் பின்னால் வரிசையில் நின்றவன் நான். நீ சொன்னது அத்தனையும் காதில் விழுந்தது. அன்று சாயங்காலம் முகாம் முழுக்க அதே பேச்சு."

"தலைவர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டாரே?"

"அவர் எடுத்தார். பத்திரிகைக்காரர்களிடம் எழுபத்து நான்கு என்று சொன்னது நாங்கள். எழுபத்து நான்காவது ஆள் எங்கே என்று கேட்டார்கள். உன்னை எங்கே அனுப்பினார்கள் என்று எங்களுக்கும் தெரியவில்லை. சிறையில் போட்டுவிட்டார்களோ என்று நான் மாதக்கணக்கில் பயந்துகொண்டிருந்தேன்."

அப்போதுதான் எனக்குப் பசி தெரிந்தது. அவருக்கு வைத்திருந்த தட்டிலிருந்து முறுக்கை எடுத்து நான் தின்ன ஆரம்பித்தேன்.

உள்ளேயிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, இன்னொரு காப்பி போடட்டுமா அவருக்கு?"

"ரெண்டு போடு."

"டாக்டர் உங்களுக்கு ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு சொல்லியிருக்கார்."

"தெரியும். நீ போடு."