தம்போய் அந்தியோகியாவின் பிரியாணி

மலேசியாவின் தம்போய் கிறிஸ்தவ சபை, ராசம்மாவுக்குத் தர வேண்டிய பாக்கி ஆயிரத்து எண்ணூறு வெள்ளி. எல்லாம் பிரியாணிக் கடன்.

ரெங்கம் ரப்பர் தோட்டத்தில் மூன்றாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவள் ராசம்மா. பேக்டரி கேன்டீனில் பாத்திரம் கழுவிய காசில் தம்போயில் சொந்தச் சாப்பாட்டுக் கடை போட்டவள். அவள் பிரியாணியைத் தின்றுவிட்டுக் குறை சொன்ன ஆள் ஜொகூரில் இன்னும் பிறக்கவில்லை.

சபையார் மாதாமாதம் கோத்தா திங்கிக்கு ஊழியக்குழு அனுப்புவார்கள். வேனில் ஏறுவது ஆறு பேர். ராசம்மாவின் பிரியாணியோடு நடக்கும் வழியனுப்பு விருந்தில் உட்காருவது நூறு பேர். "நம்ம சபைதான் ஜொகூரோட அந்தியோகியா! பவுலையும் பர்னபாவையும் ஊழியத்துக்கு அனுப்பின பட்டணம் அது!" என்று போதகர் முழங்குவார். பொருளாளர் கமலநாதன், அரசாங்க ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர், பல் குத்திக்கொண்டே, "அடுத்த மாசம் சேர்த்துத் தந்துடலாம் லா, ராசம்மா. கர்த்தருக்குக் குடுத்ததா நெனச்சுக்க" என்பார்.

கர்த்தர் எப்போது வந்து பிரியாணி தின்றார் என்று ராசம்மாவுக்குத் தெரியாது. கோழிக்கடைக்காரரோ, பழைய பாக்கியைக் கட்டாமல் இனி ஓர் இறக்கைகூடக் கிடையாது என்றுவிட்டார். கோழி இல்லையென்றால் திங்கட்கிழமை கடை திறக்க முடியாது.

போன வாரப் பிரசங்கத்தில் போதகர் ஒன்று சொல்லியிருந்தார். அந்தியோகியாவில் உபவாசம் இருந்து, ஜெபம்பண்ணித்தான் ஊழியரை அனுப்பினார்களாம். கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த ராசம்மா சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

இந்த ஞாயிறு ஆராதனை முடிந்தது. மண்டபத்தில் இரண்டு அண்டாக்கள் வெள்ளைத்துணி மூடி உட்கார்ந்திருந்தன. தட்டேந்திய வரிசை வாசல்வரை நின்றது. கமலநாதன் துணியை விலக்கினார். உள்ளே பச்சைத்தண்ணீர்.

"அலமாக்!" என்று அலறினார். "சாப்பாடு எங்க?"

"இன்னிக்கு அசல் அந்தியோகியா, ஐயா. உபவாசம்," என்றாள் ராசம்மா.

"வெளையாடாத. ஜனங்க பசியில நிக்கிறாங்க."

"பவுலும் பசியிலதானே போனாரு? ஒலகத்தையே பிடிச்சாரு. நம்மாளுங்க பிரியாணி தின்னுட்டுப் போயி யாரப் பிடிச்சாங்க?"

வரிசை கொல்லென்று சிரித்தது. போதகர் அண்டாவை எட்டிப் பார்த்தார். வயிறு அவருக்கும் இருந்தது. "கமலநாதன், அந்தக் காணிக்கைப் பையத் திறங்க."

"அதத் தொடாதீங்க, அது கர்த்தரோடது," என்றாள் ராசம்மா. "தின்னவங்க பாக்கெட்டத் திறக்கச் சொல்லுங்க."

சோறு வாங்க வந்த தட்டுகளில் நோட்டு விழுந்தது. எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்களின் சிங்கப்பூர் நோட்டும் விழுந்தது. அன்றைய ரேட்டைக் கேட்டுத்தான் அவள் கணக்கில் சேர்த்தாள். கமலநாதன் விரலில் எச்சில் தொட்டு, வாய்விட்டு எண்ணி எண்ணி அவள் கையில் வைத்தார். ஆயிரத்து எண்ணூறின் கடைசி ஐம்பது வெள்ளி வந்து விழும்வரை ராசம்மா விரித்த கையை மடக்கவில்லை.