மெக்சிகோ கடற்கரையில் ஒரு திருப்பதி மொட்டை

போன ஞாயிறு, புத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு கை என் தோளைப் பிடித்தது. எங்கள் தெருவில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் நாராயணவனத்துக்காரர்.

"சார், நீங்க மெக்சிகோ போய்க்கினு வந்தவராச்சே... எம் பையனுக்கு அங்க பீச் ஹோட்டல்ல வேலை கெடச்சிக்குது. டூரிஸ்ட்டயே கடத்திக்கினு பூட்றாங்கன்னு டிவில காட்றான். சேஃப்தானா சார்?"

அதற்குள் என் பஸ் வந்துவிட்டது. நான் ஏறிவிட்டேன். பதில் மட்டும் ஏறாமல் கீழேயே நின்றது.

சேஃப்தானா? ஒரு வார்த்தையில் எப்படிச் சொல்ல?

எங்கள் ஒரே மகள் நித்யா அப்படியொரு கடற்கரை ஊரில்தான் ஹோட்டல் ரிசப்ஷனில் நிற்கிறாள். வருடக்கணக்கில் ஃபோன் திரையில்தான் அவள் முகம். ஊருக்கு வர லீவு கிடைக்கவில்லை. கடைசியில் எங்களுக்கு டிக்கெட் எடுத்து அனுப்பினாள். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"நைனா, ரோட்ல போற டாக்சிய கை காட்டி நிறுத்தாத. அம்மா நகை போட்டுக்கினு வர வேணாம். இருட்டினப்புறம் பீச்சுல நடக்காதீங்க. செவப்புக் கொடி பறந்தா தண்ணில காலே வெக்காதீங்க."

கேட்ட மறுநாளே என் மனைவி கௌரி திருமலைக்குக் கிளம்பிவிட்டாள். மகளைப் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பினால் முடி காணிக்கை என்று வேண்டுதல். சரி... திரும்பிய பிறகுதானே கொடுக்க வேண்டும்?

"திரும்பாம பூட்டா? சாமியக் காக்க வெக்கலாமா?"

முடி எடுக்கும் அம்மா தெலுங்கில் கேட்டாள் — மூன்று கத்தரியா, குண்டா? பல பெண்கள் மூன்று வெட்டோடு முடித்துக்கொள்வார்கள். கௌரி "குண்டே" என்றாள். முழு மொட்டை! வெளியே எங்கு பார்த்தாலும் சந்தனம் பூசிய தலைகள். அதில் என் மனைவியின் தலை எது? சேலை நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

பாஸ்போர்ட் ஃபோட்டோவில் மட்டும் அவள் பின்னல் தோளில் வழிந்து கிடந்தது. விமானம் ஏறும் வாரத்தில் மொட்டை போட்டுக்கொள்வது நம் பக்கத்து ஆட்களுக்கே தோன்றும் யோசனை.

சென்னையில் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "திருப்பதியா?" — முத்திரை விழுந்தது. மெக்சிகோ அதிகாரிக்கு யார் சொல்வது? ஃபோட்டோவைப் பார்த்தார். தலையைப் பார்த்தார். கௌரி கைகூப்பி, விரலால் வானத்தைக் காட்டினாள். அவர் முகம் சட்டென்று இளகியது. எழுந்து நின்று பாஸ்போர்ட்டை நீட்டினார்.

அப்புறம் அந்த ஊரே அப்படித்தான். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். பழக்காரம்மா ஒருத்தி கௌரியின் கன்னத்தைத் தொட்டு, கையில் மாம்பழத் துண்டுகளை வைத்தாள். நித்யாதான் விஷயத்தை உடைத்தாள்.

"நைனா... அம்மாவுக்கு கேன்சர்னு நெனச்சிக்கினு கீறாங்க எல்லாரும்!"

"இன்னா வேணா நெனச்சிக்கினு போட்டும்," என்றாள் கௌரி, வாய் நிறைய மாம்பழத்தோடு. "பழம் நல்லாத்தான் கீது. நம்ம பங்கனப்பள்ளி மாதிரி வராது."

ஒரு காலை. நித்யா வேலைக்குப் போய்விட்டாள். ஹோட்டல் பக்கம் வந்து நிற்காதீர்கள், மேலாளர் திட்டுவார் என்று சொல்லியிருந்தாள். நாங்கள் கடற்கரையில் நடந்தோம். சிவப்புக் கொடி காற்றில் படபடத்தது. கடல் — தொடக் கூடாத எல்லாவற்றையும் போல — அத்தனை நீலமாய் இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

திரும்பினேன். கௌரி இல்லை.

ஓடினேன். துப்பாக்கியோடு ரோந்து வந்த போலீஸ்காரர் முன் போய் நின்றேன். பாஷை? என் தலையைக் கையால் வழித்துக் காட்டினேன். காதில் கம்மல் போல விரலை வைத்தேன். "ஆ!" என்றார். வாக்கிடாக்கியில் ஏதோ பேசினார். அந்த ஊரில் மொட்டைத் தலைப் பெண்மணி ஒருத்திதானே! உடனே பதில் வந்துவிட்டது.

ஹோட்டலின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே, தென்னை நிழலில், யாரோ கொண்டுவந்து போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே நித்யா, யூனிஃபார்மில்.

"எங்க பூட்ட நீ? எனக்கு உயிரே இல்ல!"

"நான் எங்க பூட்டேன்? கொழந்தய பாத்துக்கினு கீறேன்," என்றாள், கண்ணை எடுக்காமல். "பாருங்க, வர்றவங்க போறவங்க எல்லாரையும் பாத்து சிரிக்கிறா. நாமதான் ஒளிஞ்சி பாக்கணும்."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் நினைத்த நோய் வேறு. ஆனால், நோய் இருந்தது.

ஹார்ட்வேர்க்காரரே, டிவி காட்டுவது பொய்யில்லை. பையனை ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லுங்கள். தெரியாத டாக்சி வேண்டாம், கொடியைப் பார்க்கட்டும். மற்றபடி, அங்கேயும் நாற்காலி கொண்டுவந்து போட ஆள் இருக்கிறது. அவன் சமாளித்துக்கொள்வான். உங்களுக்குத்தான்... வெளியே நின்று பார்க்க ஒரு கண்ணாடிச் சுவர்கூட இருக்காது.

நேற்று கௌரியின் தலையில் முதல்முறையாக ஒரு கிளிப் நின்றது. கண்ணாடி முன் வெகுநேரம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் வளரணுங்க. அடுத்த வாட்டி போறதுக்கு முன்ன குடுக்கணும் இல்ல?"