பேரலுக்கு வைத்த பொட்டு

கங்காவிடம் யாராவது எங்கள் கம்பெனியில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் "டூல்ஸ்" என்பாள். வாலாஜாபாத்தில் அவள் தெருவில் அவளுக்கு டூல்ஸ்காரி என்றே பெயர். மாமியாருக்கு மட்டும்தான் உண்மை தெரியும். தெரிந்த நாளிலிருந்து அந்தம்மா மருமகளிடம் குரலை உயர்த்துவதில்லை என்று கங்காவே சொல்லிச் சிரிப்பாள்.

நாங்கள் செய்தது துப்பாக்கி. ஒரகடத்தில் காருக்கும் லாரிக்கும் பாகம் செய்கிற கம்பெனிகளுக்கு நடுவே, லைசென்ஸ் வாங்கி, இரட்டை வேலி போட்டு, வாசலிலேயே செல்போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, ஓர் அறைக்குள் உட்கார்ந்து பதினான்கு மாதம் செய்தோம். விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டு போகும், அடுத்த குண்டு தானாக ஏறி உட்காரும். செமி ஆட்டோமேட்டிக் என்பார்கள். கம்பெனிக்கு அதுதான் முதல் ரைஃபிள். நம்பர் ஒன் என்றுதான் அதைக் கூப்பிடுவோம்.

என் பெயர் கோபால். ஸ்ரீபெரும்புதூர்க்காரன், பாகங்களைப் பொருத்துகிற ஃபிட்டர். பெயரிலேயே பாதி கோபம் இருக்கிறது என்று அறையில் கிண்டல் செய்வார்கள். உண்மைதான், எனக்குச் சட்டென்று வரும். இதை எழுதும்போதும் வருகிறது. யார் மேல் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கங்கா அளவு பார்ப்பவள். வயது நாற்பத்தொன்று. ப்ளஸ் டூ முடித்து, பத்தொன்பது வயதில் கம்பெனி பஸ் ஏறியவள். பதினொரு வருஷம் கார் சீட்டுக்கு போல்ட் முடுக்கினாள், அப்புறம் ஒரு போன் கம்பெனி, அப்புறம் கண்ணாடி, அப்புறம் நாங்கள். இருபத்திரண்டு வருஷமும் கான்ட்ராக்ட். ஒரு இடத்திலும் பர்மனென்ட் ஆகவில்லை. இந்தப் பக்கம் கம்பெனிகள் பத்தொன்பதிலிருந்து இருபத்தைந்து வரைதான் பெண்களை எடுக்கும், நாற்பதைத் தாண்டினால் கேட்டில் இருக்கிற செக்யூரிட்டியே திருப்பி அனுப்பிவிடுவான். அப்படிப்பட்டவளை, வாங்குகிறவர்கள் வந்து சுட்டுப் பார்க்கிற டிரையலில் நம்பர் ஒன் பாஸானால் நவம்பரில் பர்மனென்ட் ஆக்குவதாக மேனேஜர் விஜயராகவன் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அவள் அதை வீட்டில்கூடச் சொல்லவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்றாள்.

முதன்முதலில் நம்பர் ஒன்னைச் சுட்டபோது எங்களுக்கு அழுகைதான் வந்தது. பின்பக்கம் நூறு மீட்டருக்கு ஒரு கான்கிரீட் சுரங்கம், அதுதான் எங்கள் ரேஞ்ச். பட்டாளத்தில் இருந்து ரிடையர் ஆன பச்சையப்பன்தான் சுடுவார். ஐந்து குண்டு சுட்டால் ஐந்தும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஆளுக்கொரு திசையில் கிடந்தன. எங்களுக்கு வேண்டியது ஐந்தும் ஒரு இட்லிக்குள். மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டோம். விஜயராகவன் கம்ப்யூட்டரில் வரைபடம் பார்த்தார், குண்டு போகிற குழாயான பேரலைக் கடைகிற ஜெபகுமார் மறுபடி மறுபடி கடைந்தான், நான் பிரித்துப் பிரித்துப் பூட்டினேன்.

கடைசியில் வழி கண்டது கங்கா. சுடச்சுட பேரல் சூடாகிறது, சூடானால் கொஞ்சம் நீள்கிறது, நீள்கிற நேரத்தில் அதைச் சுற்றியிருக்கிற உறை எங்காவது முட்டினால் அடுத்த குண்டு விலகிப் போகிறது என்பதை அவள்தான் பிடித்தாள். காலண்டர் தாளில் ஒரு துண்டு கிழித்து பேரலுக்கும் உறைக்கும் நடுவே இழுத்துப் பார்த்தாள். ஒரு இடத்தில் தாள் சிக்கியது. "இங்க தொட்டுகினு கீதுண்ணா" என்றாள். அந்த இடத்தை ராவிவிட்டோம். அன்றைக்கு ஐந்து குண்டும் இட்லிக்குள் போயின. பச்சையப்பன் அவளுக்கு ஒரு சல்யூட் வைத்தார். வெட்கத்தில் அவள் அந்தத் தாளைச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டாள். சத்தியமாக நடந்தது.

அதன் பிறகு நம்பர் ஒன்னுக்குப் பச்சை ஓகே ஸ்டிக்கர் ஒட்டினோம். கார் கம்பெனியில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஸ்டிக்கர் வேதவாக்கு. ஒட்டிவிட்டால் யாரும் பிரிக்க மாட்டார்கள்.

டிரையலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது. எத்தனையோ வருஷமாக லேத்துக்கும் ஸ்பேனருக்கும் பஸ்ஸுக்கும் பொட்டு வைத்து ஆயுத பூஜை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த வருஷம்தான் நிஜமாகவே ஓர் ஆயுதம் இருந்தது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு நம்பர் ஒன்னை எடுத்துவந்து, வெள்ளைத் துணி விரித்து நடுவில் படுக்க வைத்தார் விஜயராகவன். கங்கா கிண்ணத்தில் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டே வந்தாள். மிஷின், கம்ப்யூட்டர், பீரோ, ஸ்டேப்ளர் வரைக்கும். நம்பர் ஒன்னுக்கு அடிக்கட்டையில் ஒன்று, உடம்பில் ஒன்று. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

"பேரலுக்கும் ஒரு பொட்டு வைம்மா. அதானே சுடப்போவுது" என்றேன்.

பேரல் உறைக்குள் இருந்தது. உறையில் காற்றுப் போக நீளமாகத் துளைகள் உண்டு. அவள் விரல் நுனியில் ஒரு உருண்டை எடுத்து, துளை வழியாக உள்ளே அழுத்தி வைத்து, அதன் மேல் துளி குங்குமமும் தொட்டுவிட்டு அடுத்த மிஷினுக்குப் போனாள். வெளியே பூசணிக்காய் உடைக்கிற சத்தம். பொரி, சுண்டல், வாழைப்பழம். ஜெபகுமார்தான் எல்லாருக்கும் பொட்டலம் கட்டிக் கொடுத்தான்.

பொட்டை யாரும் துடைக்க மாட்டோம். அது தானாக உதிர வேண்டும்.

இரண்டு நாள் லீவு முடிந்து வந்து ஒத்திகைக்குச் சுட்டால், முதல் குண்டு நடுவில். இரண்டாவது கொஞ்சம் மேலே. ஐந்தாவது எங்கே போனது என்று பச்சையப்பன் பைனாகுலரில் தேடினார். மறுபடி தட்டு. மறுநாளும் தட்டு. எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. குண்டுப் பெட்டியை மாற்றினோம். சுடுகிறவர் கை நடுங்குகிறதோ என்று பச்சையப்பனை நான் சந்தேகப்பட்டு, அவர் ஒரு மணி நேரம் என்னோடு பேசவில்லை. கங்கா எல்லா அளவையும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். எல்லாம் சரி. "அளவு ஓகேண்ணா. அப்புறம் ஏன் செதறுது? எனக்கு ஒண்ணுமே புரியல" என்று டீ குடிக்கும்போதும் அதே கேள்வி. உறைக்குள் மட்டும் அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அதன் மேல்தான் பச்சை ஸ்டிக்கர் இருந்ததே.

டிரையலுக்கு முந்தின நாள் காலை விஜயராகவன் முடிவுக்கு வந்தார். பேரலில்தான் குறை, மத்தியானம் அதை அறுத்து உள்ளே பார்க்க வேண்டும், டிரையலைத் தள்ளிவைக்கலாம், ஜெபகுமார் இனிமேல் வர வேண்டாம்.

ஜெபகுமார் உறைக்கு வெளியே நீட்டியிருந்த பேரல் நுனியைத் துணியால் துடைத்தபடி, "அக்கா, நா ஒழுங்காத்தான் கடைஞ்சேன்" என்றான் கங்காவிடம்.

"அறுக்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி உறையக் கழட்டிப் பாக்கறேன் சார்" என்றாள் கங்கா. சரி, பார் என்று விஜயராகவன் கையைக் காட்டினார். ஸ்டிக்கரை அவளே கிழித்தாள். உறையைத் தளர்த்தி, மறுபடி ஒரு தாள் துண்டை உள்ளே விட்டு இழுத்தாள். பாதி வழியில் நின்றது. திருப்பி இழுத்தாள். தாள் கிழிந்தது.

உறையைக் கழற்றினால் பேரலின் பக்கவாட்டில் மஞ்சளாக, சிமென்ட் போல இறுகி, பட்டாணி அளவில் ஒரு கட்டி. நடுவில் குங்குமச் சிவப்பு.

"இது என்னது?" என்றார் விஜயராகவன்.

"சந்தனம் சார்" என்றாள் கங்கா. "நாந்தான் வச்சேன்."

வைக்கச் சொன்னது நான். எனக்குத் தெரியும். அந்த நொடியிலேயே தெரியும். சுரண்டி எடுத்துத் துடைத்துப் பூட்டி மத்தியானம் சுட்டோம். ஐந்தும் இட்லிக்குள். பச்சையப்பன் கைதட்டினார். ஜெபகுமார் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று யாரோ சொல்லி எல்லாரும் சிரித்தோம். அதோடு விட்டிருந்தால் நல்லது.

ஆனால் எங்கள் பக்கம் எந்தத் தப்பையும் ஷீட் எழுதாமல் விடுவதில்லை. ஒய் ஒய் ஷீட் என்று பெயர். ஒரு தப்பு நடந்தால் ஏன், அதற்கு ஏன், அதற்கும் ஏன் என்று ஐந்து தரம் கேட்டு எழுத வேண்டும். கீழே பொறுப்பு என்று ஒரு கட்டம். அதில் பெயர் இல்லாவிட்டால் ஷீட் முடிந்ததாகக் கணக்கில்லை. நாளை டிரையலுக்கு வருகிறவர்கள் அதைக் கேட்பார்கள். கங்காதான் உட்கார்ந்து எழுதினாள், நாங்கள் சுற்றி நின்றோம்.

குண்டு ஏன் சிதறியது? பேரலை ஏதோ அழுத்தியது. ஏன்? சந்தனம் காய்ந்து கட்டியானது. ஏன்? பூஜையில் பொட்டு வைத்தது. நான்காவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. அந்த இடத்தில் ஏன் வைத்தது?

அவள் எங்களைப் பார்த்தாள். "நா எப்பவும் மேலதான வைப்பேன். உள்ள ஏன் வச்சேன்?" என்றாள். நடிப்பில்லை. அன்றைக்கு அறுபது எழுபது பொட்டு வைத்திருப்பாள், பூசணிக்காய்ச் சத்தம் வேறு. அவளுக்கு நிஜமாகவே ஞாபகமில்லை.

நான் பர்மனென்ட். பதினெட்டு வருஷ சர்வீஸ். நான்தான் வைக்கச் சொன்னேன் என்று அந்த இடத்தில் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு மெமோ வந்திருக்கும், அவ்வளவுதான். ஒரே ஒரு தாள். ஏன் சொல்லாமல் விட்டேன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கே தெரியவில்லை. பயந்தேனா, சோம்பலா, யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேனா. யாரும் கேட்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்தின நுணல் சௌக்கியமாக இருந்தது, பக்கத்தில் இருந்தவள் கெட்டாள்.

நான்காவது கட்டத்தில் "தெரியவில்லை" என்று எழுதினாள். ஐந்தாவதைக் கோடு போட்டு விட்டாள். பொறுப்பு: கங்கா.

டிரையல் பாஸானது. கங்காவைப் போலவே கான்ட்ராக்ட்டில் இருந்த ஜெபகுமாரின் வேலை தப்பியது, நவம்பரில் பர்மனென்ட்டும் ஆனான். வந்தவர்கள் ஷீட்டைப் படித்துவிட்டு, ஆயுதத்தில் எதை ஏன் வைத்தோம் என்றே தெரியாத ஆள் அந்த அறையில் இருக்கக்கூடாது என்று சொன்னார்களாம். அறைக்குள் போக கங்காவுக்குக் கொடுத்திருந்த பாஸ் ரத்தாகிவிட்டது. கான்ட்ராக்டர் அவளைத் துரத்தவில்லை, ஹவுஸ் கீப்பிங்கில் போட்டார். இப்போது ஊதா நிறச் சேலையில் ஆபீஸ் மாடியைத் துடைக்கிறாள். பஸ் மட்டும் அதே பஸ்.

போன வாரம் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்றோம். அவளாகவே என்னிடம் வந்தாள். முகத்தில் வருத்தத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். எங்கேயோ வைத்த சாவியைத் தேடுகிறவள் மாதிரி இருந்தாள்.

"ண்ணா, வேலை போனதுகூட பரவால்ல. அத ஏன் உள்ள வச்சேன்னு யோசிச்சி யோசிச்சி பைத்தியம் புடிக்கிது. அளவு பாக்கறவ நானு, எனக்கே தெரியாதா அங்க எதுவும் தொடக்கூடாதுன்னு? வூட்டுல கேஸ் அணைச்சனா இல்லியான்னு இப்பல்லாம் நாலு தரம் போய்ப் பாக்கறேன். என் கை மேல எனக்கே நம்பிக்கை இல்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க அன்னிக்கி பக்கத்துலதான நின்னீங்க. உங்களுக்கு எதுனா ஞாபகம் கீதா?"

பஸ் திரும்பி வந்துகொண்டிருந்தது. அது வந்து நிற்பதற்குள் சொல்லியிருக்கலாம். தாராளமாக நேரம் இருந்தது.

"இல்லம்மா. நா கவனிக்கல" என்றேன்.

"விடுங்கண்ணா, நீங்க இன்னா பண்ணுவீங்க" என்று சொல்லிவிட்டு, எனக்கும் சேர்த்து ஜன்னல் ஓரத்தில் இடம் பிடிக்க முன்னால் ஏறினாள்.