படம் எடுத்தவள்

நோர்வேயின் வடக்கு ஓரத்தில் நான் வாழும் ஊரில், மகள் படிக்கும் பாடசாலையின் சுவர் முழுக்கப் பிள்ளைகள் கீறிய படங்கள் தொங்கும். கோணல் மூக்கு, பாதியில் விட்ட கை, வர்ணம் வழிந்த வானம் எல்லாம் அப்படியே இருக்கும். மூலையில் நூற்றுக்கு இவ்வளவு என்று சிவப்பு மையால் போட்ட புள்ளி இருக்காது. பக்கத்தில் யாராவது வந்தால் பிள்ளைகள் தங்கள் படத்தைக் கையால் மறைப்பதும் இல்லை. ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு இது பெரிய விசயமாகத் தெரியாது. சித்திர வகுப்பில் ஆறு பேர் இருந்து ஒருவர் படத்தை ஒருவர் பார்க்காதபடி முழங்கையால் மறைத்துக்கொண்டே வளர்ந்த எனக்கு அந்தச் சுவரைக் கடந்துபோவது இன்றும் பழகவில்லை.

கடந்த மே மாதம் பெற்றோர் சந்திப்புக்குப் போயிருந்தேன். சித்திர ஆசிரியை இங்க்ரித் என்னிடம், நீங்களும் கீறுவீர்களா என்று கேட்டார். எனது நோர்வேஜிய மொழி மீன் தொழிற்சாலையில் படித்தது. கத்தி, பெட்டி, ஐஸ், இடைவேளை, முதுகுவலி எல்லாம் தடங்கலின்றி வரும். பாடசாலையில் சித்திரம் படித்தேன் என்ற அளவில் நான் நிறுத்தியிருக்கலாம். பக்கத்தில் என் மகள் அனுஷா நின்றாள். கடைக்கும் வங்கிக்கும் வைத்தியரிடமும் எனக்காகப் பேசிப் பேசி, அம்மாவுக்கு மீன் வெட்டுவதைத் தவிர ஒன்றும் தெரியாது என்று முடிவுகட்டிவிட்ட பதினாறு வயது. "மாகாணத்திலேயே முதற்பரிசு எனக்குத்தான்" என்றேன். அவள் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் விடமுடியவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அந்தப் படத்தைக் கொண்டுவந்து வகுப்பில் காட்டமுடியுமா என்று இங்க்ரித் கேட்டார். "யா" என்றேன். நோர்வேஜிய மொழியில் ஓம் என்று சொல்ல அவ்வளவுதான்.

அந்தப் படத்தை நான் கீறவில்லை. யசிந்தா கீறினாள்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் என் அப்பா கணக்கு வாத்தியார். கணக்கில் நான் கோட்டைவிட்டதும் உயர்தர வகுப்பில் சித்திரப் பாடம் எடுத்ததும் அவருக்குப் பெரிய தலைக்குனிவு. ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் யாராவது "மகள் என்ன செய்யிறா?" என்று கேட்டால், "படிக்கிறா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துவிடுவார். யசிந்தா என்னோடு அதே வகுப்பில் இருந்தாள். அவளுடைய ஆட்கள் மயிலிட்டிக் கடற்றொழிலாளர்கள். இரண்டு வயதில் அவளைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு ஓடியவர்கள் சுன்னாகத்துப் பக்கத்து முகாமொன்றில் இருந்தார்கள். ஊர் இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. ஒருவரும் போகமுடியாது. அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மா பின் விறாந்தையில் கதிரை போடுவார். அவள் போன பிறகு அந்தக் கதிரையைத் துடைப்பார். நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

வகுப்பில் ஒருவருக்கும் காட்டாமல், முகாமில் வைத்தே அவள் மயிலிட்டித் துறைமுகத்தைக் கீறினாள். தனக்கு நினைவே இல்லாத ஊரை அவளுடைய அப்பா சொல்லச் சொல்லக் கீறினாள். ஐஸ் தொழிற்சாலை எந்தப் பக்கம், மாதா கோவில் எவ்வளவு உயரம், காலையில் வள்ளங்களின் மூக்கு எந்தத் திசையைப் பார்க்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அழித்து, திரும்பக் கீறி, மூன்று மாதம் எடுத்தாள். முன்னால் நின்ற வள்ளத்தில் இரண்டு பேர். ஒருவர் அவளுடைய அப்பா. மற்றவர் கடலுக்குப் போய்த் திரும்பி வராத சித்தப்பா. அவருடைய போட்டோக்கள் எல்லாம் விட்டுவிட்டு ஓடிய வீட்டோடு போய்விட்டன. அந்த முகத்தையும் அப்பா சொல்லித்தான் கீறினாள். மூக்கு சரிவந்த அன்று அப்பா எழும்பி வெளியே போய்விட்டார் என்று என்னிடம் சொன்னாள்.

அந்த மாரியில் முகாமுக்குள் வெள்ளம் வந்தது. யசிந்தா படத்தைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். "உங்கடை கல்வீடு. நனையாது. நான் வருமட்டும் வைச்சிரு" என்றாள். அவர்கள் குருநகரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள். அந்தக் கிழமைதான் பள்ளிக்கூடத்தில் மாகாணச் சித்திரப் போட்டிக்குப் படம் சேர்த்தார்கள். அவளுடைய படத்தையும் கொடுத்துவிடலாம் என்றுதான் எடுத்துப்போனேன், சத்தியமாக. சித்திர டீச்சர் பொலித்தீனைப் பிரித்து, படத்தை மேசையில் விரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இது உம்மடையோ?"

அதுவரை யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"ஓம் டீச்சர்."

"வள்ளத்திலை நிக்கிறது ஆர்?"

"சும்மா, ரெண்டு மீன்பிடிக்காரர்."

யசிந்தா அதற்கு 'அப்பாவும் சித்தப்பாவும்' என்று பெயர் வைத்திருந்தாள். பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தது. டீச்சர் காணமுன் நான் விரலால் தேய்த்துவிட்டேன். படம் 'கடற்றொழிலாளர்' என்ற பெயரில் போனது. இரண்டு கிழமை கழித்து யசிந்தா திரும்பி வந்தாள். பள்ளிக்கூட வாசலிலேயே என்னைக் கண்டு, "படம் நனையேல்லைத்தானே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மைதான். முகாம் இன்னும் ஈரம், அங்கையே இருக்கட்டும் என்றாள். அடுத்த மாதம் காலைக்கூட்டத்தில் அதிபர் என் பெயரை வாசித்து, படத்தைத் தூக்கிக் காட்டினார். நான் மேடைக்குப் போனபோது வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற யசிந்தா கைதட்டினாள். எல்லோரும் நிறுத்திய பிறகும் ஒரு முறை தட்டினாள். அதற்குப் பிறகு அவள் சித்திரத்தை விட்டுவிட்டுக் கிறிஸ்தவ நாகரிகப் பாடம் எடுத்தாள். ஏன் என்று டீச்சர் கேட்டதற்கு, கலர் வாங்கக் கஸ்டம் என்றாளாம். அப்பா படத்துக்குச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். ஆராதனை முடிந்து ஆட்களை வீட்டுக்குக் கூட்டிவந்து காட்டினார். நான் உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பேன்.

இருபது வருடங்கள் கழித்து, இந்த ஓகஸ்டில் அந்தப் படத்தைத் தேடித்தான் தனியாக மானிப்பாய்க்குப் போனேன். இதை எழுதக் கை கூசுகிறது. யசிந்தாவிடம் மன்னிப்புக் கேட்க நான் போகவில்லை. பழைய பொய்யை வைத்து ஒரு புதுப்பொய்யை நிரூபிக்கப் போனேன். அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. வீட்டில் சின்னம்மா குடும்பம் இருக்கிறது. "சுவருக்குப் பெயின்ற் அடிக்கேக்கை கழட்டினது பிள்ளை, பின்னறையிலை கிடக்கு" என்றார் சின்னம்மா. சட்டம் முழுசாக இருந்தது. தூக்கியபோது உள்ளேயிருந்து மண் கொட்டியது. கறையான் பின்பக்கத்தால் ஏறி எல்லாவற்றையும் தின்றிருந்தது. வலது மூலையில் உள்ளங்கை அளவு கடல் மட்டும் மிஞ்சியிருந்தது.

மறுநாள் மயிலிட்டிக்குப் பஸ் ஏறினேன். பாதுகாப்பு வலயத்திலிருந்து ஊர் விடுபட்டு ஆட்கள் திரும்பக் குடியேறிவிட்டார்கள் என்று தெரியும். துறைமுகத்தில் விசாரித்தபோது, மீன் நிறுக்கிற இடத்தைக் காட்டினார்கள். யசிந்தா தராசுக்குப் பக்கத்தில் நின்றாள். என்னை உடனேயே அடையாளம் கண்டாள்.

"எப்ப வந்தனீங்கள்?" என்றாள். பள்ளிக்கூடத்தில் என்னை நீ என்றுதான் கூப்பிடுவாள்.

வீட்டுக்குக் கூட்டிப்போனாள். முன்பக்கம் நல்ல கதிரை போட்டாள். அவளுடைய அப்பா கட்டிலில் இருந்தார். கண் மங்கிவிட்டது. மானிப்பாயிலிருந்து வந்திருக்கிறா என்று யசிந்தா சொன்னதும் அவர் கையை நீட்டி என் கையைத் தேடினார்.

"எங்கடை படத்தை வைச்சிருக்கிற பிள்ளையோ? இவள் எப்பவும் சொல்லுவாள், கல்வீட்டிலை பத்திரமா இருக்கு எண்டு. இவ்வளவு காலம் வைச்சிருந்ததுக்கு நன்றி மேனை. இஞ்சை வந்து பாத்தால் கோவிலும் இல்லை, ஐஸ் தொழிற்சாலையும் இல்லை, எல்லாம் தரைமட்டம். கொண்டு வந்தனீரோ?"

நான் யசிந்தாவைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபது வருடமாக அவரிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள்.

"நான் பத்திரமா வைக்கேல்லை அப்பா. கறையான் திண்டிட்டுது."

அவர் என் கையை விடவில்லை. "தம்பியின்ரை முகமும் போயிட்டுதோ?"

"ஓம்."

மெதுவாகத் தலையாட்டினார். பிறகு, வெயிலுக்குள்ளால் வந்தனீர், தண்ணி குடியும் என்றார். முழுவதையும் சொல்லிவிட வாயெடுத்தேன். யசிந்தா முந்திக்கொண்டு, பஸ் வரப்போகுது, வாங்கோ என்றாள்.

பஸ் நிற்கும் இடம் வரை கூடவே நடந்து வந்தாள். அன்றைக்கு ஏன் நீ ஒருவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னால் ஆர் நம்பியிருப்பினம்? நீங்கள் மாஸ்டரின்ரை மகள். நான் முகாம் பெட்டை."

"இப்ப அப்பாவிட்டையாவது நான் சொல்லட்டோ?"

"வேண்டாம். உங்கடை பாரத்தை அவரின்ரை தலையிலை இறக்காதேங்கோ. நான் மன்னிச்சிட்டனோ எண்டும் கேளாதேங்கோ. எனக்கே தெரியாது. சில நாளிலை மறந்துபோவன். சில நாளிலை தராசுக்குப் பக்கத்திலை நிக்கேக்கை கை பென்சில் பிடிக்கிறமாதிரி மடங்கும். அப்ப நினைப்பு வரும்." அந்த வழியால் போன ஒரு பெண், ஆர் உவ என்று கேட்டார். "என்னோடை படிச்சவ" என்றாள் யசிந்தா. பிறகு, நிறுக்காத மீன் வெயிலில் காயும் என்று திரும்பிப் போனாள். என் கைகளிலும் அவளுடைய கைகளிலும் ஒரே மணம்தான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை.

சூரியன் எழும்பாத காலம் இங்கே தொடங்கிய பிறகு, டிசம்பரில், வெறுங்கையோடு அனுஷாவின் வகுப்புக்குப் போனேன். இருபது பிள்ளைகள். மனப்பாடம் செய்துகொண்டு போன வசனத்தைச் சொன்னேன்: அந்தப் படம் என்னுடையது அல்ல, என் சிநேகிதியின் படத்தை நான் எடுத்தேன். "யாய் தூக் பில்டெ." பிள்ளைகள் சிரித்த முகத்தோடு இருந்தார்கள். இங்க்ரித் கைகளைக் கோர்த்துக்கொண்டு, "எவ்வளவு அழகு! அந்தப் புகைப்படம் உங்களிடம் இருக்கிறதா?" என்றார். எங்களைப் போலவே இவர்களும் படம் எடுத்தேன் என்றால் கமெராவைத்தான் நினைப்பார்கள். நான் இல்லை, இல்லை என்றேன். எடுத்தேன், எடுத்தேன் என்று கையால் பறித்துக் காட்டினேன். யாரோ கைதட்டத் தொடங்கினார்கள்.

கடைசி வாங்கிலிருந்து அனுஷா எழும்பினாள். என் முகத்தை மட்டும் பார்த்தாள். அதுவரை நான் அவளுக்கும் சொல்லியிருக்கவில்லை. "அம்மா, களவெடுத்தனீங்களோ?" என்று தமிழில் கேட்டாள்.

"ஓம்."

அவள் வகுப்பின் பக்கம் திரும்பி, வங்கியில் எனக்காகப் பேசும் அதே குரலில், ஒரு சொல்லை அவர்களுடைய மொழியில் சொன்னாள். "ஸ்த்யால்." திருடினா. தட்டிய கை நின்றது.

வெளியே வந்தபோது மதியம் இரண்டு மணி. நல்ல இருட்டு. பனியில் எங்கள் சப்பாத்துச் சத்தம் மட்டும் கேட்டது. தெருவில் என்னோடு தமிழ் கதைக்க வெட்கப்படுகிறவள், துறைமுகத்துக்குக் கிட்ட வந்ததும் தமிழில் கேட்டாள். "அந்த அன்ரி இருக்கிற ஊர் எந்தப் பக்கம்?"

நான் கையைத் தூக்கினேன். சூரியன் இல்லாத வானத்தில் தெற்கு எது, கிழக்கு எது என்று எனக்குப் பிடிபடவில்லை. தூக்கிய கை அப்படியே நின்றது. அனுஷா கைத்தொலைபேசியில் திசைகாட்டியைப் பார்த்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து, கடலிலிருந்து விலக்கி, நான் வேலை செய்யும் மீன் தொழிற்சாலையின் கூரைக்கு மேலால் மெதுவாகத் திருப்பி வைத்தாள்.

"இந்தப் பக்கம், அம்மா."

அவள் விட்ட பிறகும் கையை நான் இறக்கவில்லை.