பளிச் மாமாவும் பவளத் தொட்டியும்

அக்கா வீட்டுக்காரருக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் ‘பளிச்’ என்று பட்டப்பெயர். ரத்தக் கறையோ மருந்துக் கறையோ, அவர் கைக்குப் போன விரிப்பு கறையோடு திரும்பியதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. டீ குடித்துக் கீழே வைப்பதற்குள் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கழுவுகிற ஆள். அவரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அக்காமேல் அவர் உயிரையே வைத்திருந்ததால் வாயை மூடிக்கொள்வேன்.

கூடத்தில் இருந்த கடல்மீன் தொட்டி அக்காவுடையது. உப்புத் தண்ணீர், பவளம் ஒட்டிய கற்கள், ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஜோடி மீன். உப்பு கலப்பது, தண்ணீரில் சொட்டு மருந்து விட்டுச் சோதிப்பது எல்லாம் அவள்தான். மாமாவைக் கிட்டவே சேர்க்க மாட்டாள். “நீங்க தொட்டா மீனையும் வெளுத்துடுவீங்க” என்பாள்.

அப்படிப்பட்டவளுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று, வலப்பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலைத் தொட்டிக்கு எதிரே போட்டோம். இரை போட்டால் மீன்கள் துள்ளிக்கொண்டு மேலே வரும். அக்காவின் வாய் ஒரு பக்கமாகச் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காக மாமா வேளைகெட்ட வேளையில் இரையைக் கொட்டினார். மீன் தின்றது போக மிச்சமெல்லாம் அழுகி, தலைமுடிபோலப் பச்சைப் பாசி கிளம்பியது. கல்லை மூடி, பவளத்தை மூடி, கடைசியில் கண்ணாடியையும் மூடியது. அக்காவுக்கு மீன் தெரியவில்லை. சிரிப்பு நின்றுபோனது.

இரையைக் குறைக்க வேண்டும், விளக்கு நேரத்தைக் குறைக்க வேண்டும், வாராவாரம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்ற வேண்டும், மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும் என்றார் மீன் கடைக்காரர். பொறுமைக்கும் மாமாவுக்கும் ஏழாம் பொருத்தம்.

அடுத்த முறை நான் போனபோது தொட்டியில் பாசி பேருக்குக்கூட இல்லை.

“எல்லாக் கல்லையும் குளியலறைக்குத் தூக்கிட்டுப் போய் பிரஷ் போட்டுத் தேய்ச்சேன்டா. கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தி அலசினேன். சோப்பு போடலை, அந்த அளவுக்குத் தெரியாதவனா நான்? தண்ணியும் உப்பு கலந்து மொத்தமா புதுசு. உங்கக்காவுக்கு ஒரே சந்தோஷம்! நான் தேய்க்கத் தேய்க்க, இடது கையால கட்டிலைத் தட்டிக்கிட்டே இருந்தா.”

மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. பவளமாக இருந்தது கொழகொழவென்று கரைந்து தொங்கியது. கடைக்காரரைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஐயோ, கல்லுக்குள்ள இருக்கற கிருமிங்கதானே சார் தண்ணியையே சுத்தம் பண்ணுது! அதைக் கொன்னுட்டா மீனோட கழிவே அதுக்கு விஷம். உங்க அக்காவுக்கு இதெல்லாம் அத்துப்படியாச்சே. அவங்க பார்த்துக்கிட்டு எப்படி சும்மா இருந்தாங்க?”

அவர் சொன்ன மருந்தை வாங்கி வந்து ஊற்றினோம். சாயங்காலத்துக்குள் இரண்டு மீனும் அடியில் சாய்ந்துவிட்டன. தண்ணீர் மட்டும் அத்தனை தெளிவாக இருந்தது.

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். மெல்லிய குரலில் கேட்டார்.

“அப்போ... அவ சந்தோஷத்துல தட்டலையாடா?”

ஆமாம் மாமா, சந்தோஷத்தில்தான் தட்டினாள் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அக்கா கட்டிலிலிருந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.