அம்மாவுக்குச் சின்ன எழுத்து

எனக்கு எழுத்துத் தெரியாது. தருமபுரியில் நஞ்சப்பன் வைத்திருந்த அச்சாபீசில் கல்யாணப் பத்திரிகை மடித்துப் பசை தடவுவதுதான் என் வேலை. அதனால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று நான் சொல்வதெல்லாம் என் மருமகள் ராஜமேரி சொல்லிக் கேட்டது. அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ராஜமேரி எட்டாவது வரை படித்தவள். எண்பத்தி நாலோ ஐந்தோ, அப்போது இண்டூரிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போவோம். அச்சடித்து முடிந்த ஈய எழுத்துகளைப் பிரித்து மரத்தட்டில் அந்தந்த எழுத்துக்கான குழியில் திருப்பிப் போடுவது அவள் வேலை. எழுத்துக் கோக்கிற இடத்தில் உட்கார வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. இங்கிலீஷ் கோக்கிறவர் ஓசூருக்குப் போய்விட்டதும் நஞ்சப்பன் அவளைக் கூப்பிட்டார். ஒரு வேலை தருகிறேன், சரியாக வந்தால் அந்த இடம் உனக்கு, இல்லாவிட்டால் பழையபடி பிரித்துப் போடு என்றார்.

காரிமங்கலம் பக்கம் ஒரு தையல் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு நிகழ்ச்சித் தாள் அடிக்க வேண்டும். அங்கே கெய்கோ என்று ஒரு ஜப்பான் டீச்சர் இருந்தார். பிள்ளைகளுக்கு அவர் ஊர்ப் பாட்டுகளைச் சொல்லிக்கொடுத்திருந்தார். பாட்டின் பெயர் ஜப்பான் பேச்சில், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். அதன் கீழே இங்கிலீஷில் அர்த்தம். ஜப்பான் பேச்சு எதற்கு இங்கிலீஷ் எழுத்துக்குள் போக வேண்டும் என்று கேட்டேன்.

இங்கிலீஷில் தலைப்பு என்றால் ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் எழுத்து பெரிசாம். நடுவில் ஒட்டிக்கொண்டு வருகிற குட்டிச் சொல்லுக்கு மட்டும் சின்னதாம். நஞ்சப்பன் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். ராஜமேரி அதைத் தன் போக்கில் புரிந்துகொண்டாள். எங்கள் கோயில் நோட்டீசில் மாதா பெயர் வந்தால் தடித்த எழுத்தில் கோப்பார்கள். மாரியம்மன் பண்டிகை நோட்டீசிலும் அம்மன் பெயருக்கு அதே வழக்கம். அப்படியானால் பெரிய எழுத்து என்பது மரியாதை. நானும் சரி என்றேன்.

ஒரு பாட்டின் பெயர் முரா நோ ஹஹா. முரா ஊர், ஹஹா அம்மா, சேர்த்தால் ஊரின் அம்மா என்று அர்த்தம். மேலே ஜப்பான் வரியிலும் கீழே இங்கிலீஷ் வரியிலும் ஊர், அம்மா இரண்டுக்கும் பெரிய எழுத்து போட்டாள். ஊருக்கு அம்மா என்றால் மாதாதானே என்பது அவள் நினைப்பு. நஞ்சப்பன் மாரியம்மன் என்று நினைத்துக்கொண்டார். யாராக இருந்தாலும் பெரிசாக இருக்கட்டும் என்று இரண்டு பேருக்கும் சம்மதம்.

டீச்சர் புரூப் பார்க்க வந்தார். ஜப்பான் வரியில் அம்மாவின் முதல் எழுத்தைச் சிவப்பு மையால் சுழித்துச் சின்னதாக்கச் சொன்னார். கீழே இங்கிலீஷ் வரியில் இருந்த அம்மாவைத் தொடவேயில்லை. ஜப்பான் தலைப்புக்கு முதல் சொல்லும், நடுவில் ஆள் பெயரோ ஊர்ப் பெயரோ வந்தால் அதுவும்தான் பெரிசாம்.

நஞ்சப்பன் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

“ஏனுங்க டீச்சர், ஊரைப் பெருசாப் போட்டுட்டு ஆத்தாளைச் சின்னதாப் போடச் சொல்றீங்களே. எவனாச்சும் கேட்டா நான் என்னங்க சொல்லட்டும்?”

“சாமி இல்லை. தண்ணி எடுக்கிற அம்மா.”

“அது எந்தக் கோயிலுங்க?”

“கோயில் இல்லை. வீடு,” என்றார் டீச்சர்.

அவர் போனதும், இருக்கிறபடியே இருக்கட்டும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று நஞ்சப்பன் சொல்லிவிட்டார். இடத்தைக் கொடுக்கிறவர் ஒன்று சொல்கிறார், தாளை அடிக்கக் கொடுத்த டீச்சர் வேறு சொல்கிறார். மத்தியானம் ராஜமேரி சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

“ஏன் அத்தை, தண்ணி எடுக்கிறவளுக்கு மரியாதை வேண்டாமா?”

“எனக்கென்னடி தெரியும்? நானுந்தான் தண்ணி எடுக்கறேன். எனக்கு எந்த எழுத்துன்னு கேட்டுட்டு வா.”

நான் கிண்டலுக்குச் சொன்னது. அவள் கையைக் கழுவிக்கொண்டு நிஜமாகவே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள். காரிமங்கலம் பஸ்ஸுக்காக நின்ற டீச்சரைப் பிடித்துக் கேட்டிருக்கிறாள். திரும்பி வரும்போது முகம் முன்னைவிடக் குழம்பிக் கிடந்தது. மரியாதைக்கும் எழுத்துக்கும் சம்பந்தமே இல்லையாம். இங்கிலீஷ் வரி இங்கிலீஷ்காரர் வீட்டு வழக்கம், ஜப்பான் வரி எங்கள் வீட்டு வழக்கம் என்றாராம் டீச்சர். அதோடு, அந்தப் பாட்டை முதலில் தனக்குப் பாடினது தன் அம்மாதான் என்றும் சொன்னாராம்.

ராஜமேரி நேராகப் போய் ஜப்பான் வரி அம்மாவின் பெரிய எழுத்தை எடுத்துவிட்டுச் சின்னதை வைத்தாள். பிறகு நஞ்சப்பன் முன்னால் போய் நின்றாள்.

“சின்னதாக்கிட்டேனுங்க.”

“எவனாச்சும் வந்து கேட்டா?”

“நான் சொல்லிக்கறேனுங்க.”

“என்னன்னு சொல்லுவே?”

“அவங்க வூட்டு அம்மா. அவங்க சொன்னபடி போட்டோம்னு சொல்றேனுங்க.”

நஞ்சப்பன் தலையைச் சொறிந்தார். “எனக்கு ஒண்ணும் புரியலை. இனிமேல் இங்கிலீஷ் வேலைக்கு நீயே உக்காந்துக்கோ. கேக்க வர்றவனையெல்லாம் உங்கிட்டயே அனுப்பறேன்.”

அப்படித்தான் அவளுக்கு அந்த இடம் கிடைத்தது. கேட்க வேறு யாரும் வரவில்லை, நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவளும் சலிக்காமல் சொல்கிறாள். ஆனாலும் நான் கோத்திருந்தால் மேல் வரி, கீழ் வரி இரண்டு அம்மாவுக்கும் பெரிசாகத்தான் போட்டிருப்பேன்.