மாமாவுக்கு ருசி திரும்பியது

மாமியார் போன பிறகு மாமனாரைக் காஹாங்கில் தனியாக விட மனமில்லாமல், கெலாங் பாத்தாவில் எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். என் கணவர் விடிவதற்கு முன்பே பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார். எனக்குப் பக்கத்திலேயே ஒரு தொழிற்சாலையில் அலுவலக வேலை. சாயங்காலம் வந்து அவசர அவசரமாக எதையாவது சமைப்பேன். எதை வைத்தாலும் மாமா, "நல்லாருக்குமா" என்பார். என்னைப் பெற்ற அம்மாகூட என் சமையலை அப்படிப் பாராட்டியதில்லை.

மாமியார் இறந்த நாளிலிருந்து அவர் மீன், கறி, முட்டை எதையும் தொடுவதில்லை. பல்லும் சரியில்லை. குழைந்த சோற்றில் ரசம் ஊற்றிக்கொள்வார். இல்லையென்றால் தேத்தண்ணியில் பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்பார். ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். ஒரு சளி விட்டால் அடுத்தது பிடித்தது. வாசல் கேட்டில் இடித்துக்கொண்ட கணுக்கால் காயம் ஆறவேயில்லை. வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு நான் உட்கார்ந்தேன். முந்தின நாள் வைத்த சாம்பார் ஊசிப்போயிருந்தது. மூடியைத் திறந்ததுமே வாடை. பதறிப்போய் கூடத்துக்கு ஓடினேன்.

"மாமா, சாம்பார் கெட்டுப்போயிருக்கே, உங்களுக்குத் தெரியலையா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நாக்குக்கும் மூக்குக்கும் ஒண்ணுமே தெரியலமா. ரொம்ப நாளாச்சு."

"அப்புறம் தினமும் நல்லாருக்குன்னு சொன்னீங்களே?"

"வேலைக்கும் போயிட்டு வந்து அடுப்புக்கிட்ட நிக்கிற. நான் வேற என்னத்தச் சொல்றது?"

மறுநாள் லீவு எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன்.

அங்கே இருந்த மலாய் டாக்டரம்மா காயத்தைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், என்னென்ன சாப்பிடுகிறார் என்று பொறுமையாகக் கேட்டார். ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை இல்லை. சில நாள் கழித்து மறுபடி போனபோது, உடம்பில் ஸிங்க் ரொம்பக் குறைவாக இருக்கிறது என்றார்.

மாமா திடுக்கிட்டார். "ஸிங்க்கா? அது தோட்டத்து லயத்து வீட்டுக் கூரைக்குப் போடுற தகரம்ல? ஆயுசுல பாதி அதுக்குக் கீழதானே படுத்தேன்!"

அதை நான் மலாயில் சொன்னதும் டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அவர் விளக்க விளக்க நான் தமிழில் சொன்னேன். காயம் ஆறுவதற்கும், நாக்கு ருசியும் மூக்கு வாசனையும் அறிவதற்கும், கிருமியோடு உடம்பு சண்டை போடுவதற்கும் ஸிங்க் என்கிற அந்தத் துத்தநாகம் துளியாவது வேண்டும். உடம்பு அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளாது. சாப்பாட்டில் தினமும் வரவேண்டும். கறியிலும் மீனிலும் அது எளிதாகக் கிடைக்கும். அவற்றை விட்டவர்கள் பயறு, கடலை, விதைகளைக் கூடுதலாகச் சாப்பிட வேண்டும். ஊறவைத்து முளைகட்டினால் உடம்பில் நன்றாகச் சேரும். மாத்திரையும் கொடுத்தார். நல்லதுதானே என்று நீங்களாக வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள், அளவு மீறினால் அதுவும் கெடுதல் என்று எச்சரித்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் மெதுவாகக் கேட்டேன், "முட்டையாவது சாப்பிடலாமே, மாமா?"

"அவ போனப்ப விட்டதுமா. வேணாம்."

நான் வற்புறுத்தவில்லை. பச்சைப்பயறை முளைகட்டி மசித்துக் கொடுத்தேன். பூசணி விதையை வறுத்துப் பொடியாக்கிச் சோற்றில் பிசைந்தேன். கொண்டைக்கடலையை நசுங்குகிற பதத்துக்கு வேகவைத்தேன். பசார் மாலாம் இரவுச் சந்தையில், சோயாவைப் புளிக்கவைத்துச் செய்கிற தெம்பே வாங்கிவந்து மிளகாய்ச் சம்பாலில் புரட்டினேன். ருசி தெரியாவிட்டாலும் சொன்னதைக் கேட்கிற பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் விழுங்கினார். காயத்தின் ஓரம் மெல்லச் சுருங்க ஆரம்பித்தது.

அப்படியே வாரங்கள் போயின. ஒரு சாயங்காலம் வத்தக்குழம்பு ஊற்றினேன். ஒரு வாய் வைத்தவர் முகத்தைச் சுளித்தார்.

"என்னமா, இன்னிக்குப் புளி இவ்வளவு தூக்கலா இருக்கு?"

கரண்டியைப் போட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அலமாக், ஐயோ, அழுவுற அளவுக்கு நான் என்ன சொல்லிட்டேன்?" என்று அவர் பயந்துபோனார்.

அதற்குப் பிறகு அவர் குற்றம் சொல்லாத நாளில்லை. சளி இப்போதும் வருகிறது, ஆனால் முன்போல இல்லை. போன மாதம் சிம்பாங் ரெங்கத்தில் ஒரு கல்யாணம். புண் ஆறிய காலில் ஷூ மாட்டிக்கொண்டு வந்தார். பந்தியில் பரிமாறுகிற பையனைக் கைதட்டிக் கூப்பிட்டு, "தம்பி, பாயசம் இன்னொரு கரண்டி போடு" என்றார்.